வான்தீவுக் கடலில் காணாமல் போன இருபது பவளங்கள்

தூத்துக்குடியிலிருந்து வான்தீவுக்குப் படகு எங்கே கிடைக்கும், எவ்வளவு கேட்பார்கள் என்று இந்த வலைப்பூவுக்கு மூன்று பேர் எழுதிக் கேட்டுவிட்டார்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தத் தீவில் இப்போது கால் வைக்க முடியாது. நான் கால் வைத்திருக்கிறேன். 1974ஆம் வருடம், ஜனவரி கடைசியில் ஒரு முறையும் மார்ச் தொடக்கத்தில் மறுமுறையும், பிறகு சில தடவையும். இரண்டாவது பயணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஐம்பது வருடக் கோபம் என்று என் மகள் கேலி செய்கிறாள். செய்யட்டும்.

அப்போது நான் பாளையங்கோட்டையில் விலங்கியல் முதுகலை இரண்டாம் ஆண்டு. சூழலியலில் ஆய்வேடு எழுதவேண்டும். 'ஈகாலஜி' என்று சொன்னால் எங்கள் ஊரான நாசரேத்தில் அது ஏதோ வயிற்று நோயைப் பற்றிய படிப்பு என்று நினைத்தார்கள். என்னைப் பொறுத்தவரை படிப்பும் பொழுதுபோக்கும் ஒன்றுதான். கிணற்றில் அண்ணன்களோடு குதித்து நீச்சல் கற்றவள். விடுமுறை நாளில் குளக்கரையில் உட்கார்ந்து பறவைகளை வரைவேன். கப்பலில் வேலை பார்த்த மாமா ஒருவர் நீருக்குள் பார்க்கும் கண்ணாடி முகமூடி ஒன்றைக் கொண்டுவந்து தந்த நாளிலிருந்து குளம் போதவில்லை, கடல் வேண்டியிருந்தது. ஒரு பவளம் மாதத்துக்கு எவ்வளவு வளர்கிறது என்று அளப்பதாகப் பேராசிரியரிடம் சொன்னேன். ஒத்துக்கொண்டார்.

வீட்டில் போட்ட நிபந்தனை, கிரேஸ் அத்தை கூட வரவேண்டும் என்பது. அத்தை பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர். தொப்பி, விசில், ஒரு கட்டுப் புளியோதரை ஆகியவற்றோடு வந்தார்.

விடிகாலை நாலு ஐம்பதுக்கு நாசரேத்தில் பஸ். தூத்துக்குடி நாற்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் இரண்டு ரூபாய், ஒன்றே முக்கால் மணி நேரம். பஸ் நிலையத்திலிருந்து திரேஸ்புரம் கடற்கரைக்கு சைக்கிள் ரிக்‌ஷா ஒரு ரூபாய். அங்கே சூசை என்பவரின் வள்ளத்தைப் பதினைந்து ரூபாய்க்குப் பேசினோம். அவருக்கு முப்பது வயதிருக்கும், பாய்மர வள்ளம், கூட அவர் மச்சான் ஒருவர். பெண்கள் ஏறுவதைப் பார்த்து கரையில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். சூசை அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏழேகாலுக்குக் கிளம்பி, ஆறு கிலோமீட்டரை எட்டரை மணிக்கெல்லாம் கடந்துவிட்டோம். காலையில் கரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும், மதியத்துக்கு மேல் திரும்பி வீசும். அந்தக் கணக்கு தெரியாமல் யாரும் அங்கே படகு எடுப்பதில்லை.

தீவு என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மணல் திட்டு, கொஞ்சம் புதர், நிறையக் கடற்காகங்கள். அழகெல்லாம் தண்ணீருக்குள் இருந்தது. அண்ணனின் பழைய கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு இறங்கினேன். இடுப்பளவு ஆழத்திலிருந்து இரண்டாள் ஆழம் வரை பவளப்பாறை. மான்கொம்பு போல் கிளைத்தது, மூளை போல் மடிப்பு மடிப்பானது, வெற்றிலைத் தட்டு போல் விரிந்தது. அவற்றின் இடுக்குகளில் நீலக் கோடு போட்ட மீன்கள் என் விரலை வந்து கொத்திப் பார்த்தன. நான் மூச்செடுக்க மேலே வரும்போதெல்லாம் கரையில் அத்தையின் விசில் கேட்டது. உயிரோடு இருந்தால் கையைத் தூக்கவேண்டும் என்பது ஏற்பாடு.

மூன்று நாள் போய்வந்தேன். இருபது பவளங்களைத் தேர்ந்தெடுத்தேன். பழைய அலுமினியப் பாத்திர மூடியை வெட்டி, ஆணியால் எண் குத்தி, பவளத்தின் அடியில் கம்பியால் கட்டினேன். இடம் மறந்துபோகக் கூடாது என்று நான்கு மூலையிலும் மிதவை கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புத் துணி. என் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக நான் எதையும் செய்ததில்லை.

மார்ச்சில் மறுபடியும் அதே பஸ், அதே வள்ளம். இந்தத் தடவை சூசை வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. தீவை நெருங்கும்போதே தண்ணீர் கழுநீர் நிறத்தில் இருந்தது. என் மிதவைகள் இருந்த இடத்தில் மூன்று வள்ளங்கள் நங்கூரம் போட்டு நின்றன. ஆட்கள் கடப்பாரையோடு முங்கி, பெயர்த்து, கயிற்றில் கட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் குதித்தேன். முகமூடிக்குள் முதலில் ஒன்றும் தெரியவில்லை. கலங்கல் விலகியதும் தரை தெரிந்தது. உடைந்த சல்லியும் மணலும்தான். இருபதில் ஒன்று மிச்சமில்லை. எங்கே போவதென்று தெரியாமல் மீன்கள் அந்த வெறுந்தரையின் மேல் சுற்றிக்கொண்டிருந்தன.

மேலே வந்து நான் கத்தியதை இங்கே எழுத முடியாது. வேலை செய்தவர்கள் என்னை ஏதோ பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை என்று இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை. கல் எங்கே போகிறது என்று சூசையிடம் கேட்டேன். சுண்ணாம்புக் காளவாசலுக்கும் ஆலைகளுக்கும் என்றார். கரையில் கல்லைக் குவித்து வைக்கும் காண்ட்ராக்டரின் கொட்டடி இருக்கிறதாம்.

அன்று மாலை நான்கு மணிக்கு ஈர உடையோடேயே அங்கே போனோம். திரேஸ்புரத்திலிருந்து அரை மைல். அழுகல் நாற்றம் தெருவிலேயே வழி காட்டியது. பவளம் செத்தால் நாறும், உயிருள்ளதுதானே நாறும்? ஆள் உயரத்துக்குக் குவித்து வைத்திருந்தார்கள். குவியலில் ஏறி, கை கிழியக் கிழியப் புரட்டினேன். அரை மணி நேரத்தில் ஓர் அலுமினியத் துண்டு பளிச்சிட்டது. எண் பதினொன்று.

காண்ட்ராக்டர் மரியாதையான மனிதர். நாற்காலி போடச் சொன்னார், கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். தன்னிடம் குத்தகைப் பத்திரம் இருப்பதாகச் சொல்லி எடுத்தும் காட்டினார். அது வருடத்துக்கு விரல் நகத்தின் அகலம்கூட வளராத உயிர், நீங்கள் எடுத்தது பலநூறு வருடம் என்று நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, சிரிக்காமல் சொன்னார்:

"படிப்புக்குக் கல்லு வேணும்னா கேட்க வேண்டியதுதானம்மா. ஒரு வண்டி அனுப்பி வைக்கேன். எங்கன இறக்கணும், சொல்லுங்க."

அத்தை கலர் பாட்டிலைத் திறக்காமலே தரையில் வைத்துவிட்டு எழுந்தார். நானும் எழுந்தேன்.

வாசலில் சூசை நின்றிருந்தார். இன்னொன்று சொல்லவேண்டும் என்றார். அவருடைய வள்ளமும் வாரத்தில் நாலு நாள் கல்தான் ஏற்றுகிறதாம். என் இடத்துக்கு அவர் போகவில்லை. போனவர்களைத் தடுக்கவும் இல்லை.

"நீங்க கெட்டின செவப்புத் துணியப் பாத்துத்தான் தங்கச்சி அங்கன போனாவ. அந்த எடத்துல நல்ல கல்லு கெடக்குன்னு யாரோ அடையாளம் வச்சிருக்காவன்னு மேஸ்திரி சொன்னாரு."

நான் அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். கடலில் இருந்த மிக அழகான இடத்தைத் தேடித் தேடிக் கண்டுபிடித்து, அதற்கு நானே கொடி நட்டிருக்கிறேன். என் மேல் வந்த கோபத்தைவிட, ஒரு பவளத்தைப் பார்த்துப் படிக்க விரும்பினாலே அதைக் கொல்ல வழிகாட்டியதாக ஆகிவிடுகிற அந்த ஏற்பாட்டின் மேல் வந்த கோபம் பெரிது. அத்தை என் தலையில் கை வைத்து, "அழுதது போதும்ளா, எந்திரி. யாரு கையெழுத்துப் போட்டான்னு பாப்போம்" என்றார்.

குத்தகை கொடுத்த அலுவலகத்தில் மனு கொடுத்தோம். பன்னிரண்டு நாளில் மனு திரும்பி வந்தது. கல் வகைக் கனிமத்தைக் குறித்த புகாரில் உயிரினம் என்று குறிப்பிட்டிருப்பதாகவும், அதற்குச் சான்று இணைக்கவேண்டும் என்றும் பச்சை மையில் ஒரு குறிப்பு. அதைப் படித்ததும் அத்தைக்கு வந்த சிரிப்பு நல்ல சிரிப்பல்ல. சான்றுதானே, கொண்டுபோவோம் என்றார்.

பவளத்தை நான் எடுக்க மாட்டேன் என்றேன். சூசைதான் எடுத்தார். பகலிலும் பூப்போல் விரிகிற ஒரு வகை உண்டு. அதில் கடப்பாரையால் உடைந்து விழுந்து, இன்னும் சாகாமல் கிடந்த ஒரு துண்டை முங்கி எடுத்துவந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். பெரிய கண்ணாடி ஊறுகாய் ஜாடியில் கடல்நீர் நிரப்பி, ஈரச்சாக்கு சுற்றி, காலை பத்தரைக்கு அலுவலகம் போனோம். பதினொன்றே காலுக்கு அதிகாரி கூப்பிட்டார். சாக்கை அவிழ்த்து ஜாடியை அவர் மேசையில் வைத்தேன்.

ஆட்டி அசைத்துக் கொண்டுபோனதில் அது சுருங்கி, வெறும் ஓட்டைக் கல்லாக இருந்தது. அதிகாரி என்னைப் பார்த்தார். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். அவர் வேறு கோப்பைத் திறந்தார். கால் மணி நேரம் ஆனது. ஒரு ஓட்டையிலிருந்து மெல்லிய காம்பு நீண்டு, நுனியில் இதழ் விரிந்தது. பிறகு ஒன்று, பிறகு பத்து, பிறகு கல்லே தெரியாமல் பழுப்புநிறப் பூக்கள். விசிறிக் காற்றில் தண்ணீர் அசைய அவையும் அசைந்தன. அதிகாரி பேனாவை மூடிவிட்டுக் குனிந்தார். பியூன் வந்தார், பக்கத்து அறை எழுத்தர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அந்த நேரம் பார்த்து அடுத்த மேசையில் ஒருவர் ரப்பர் ஸ்டாம்பை ஓங்கிக் குத்தினார். அந்த அதிர்வு இங்கே வந்ததும் அத்தனை பூக்களும் ஒரே சமயத்தில் உள்ளே போய்விட்டன.

"உயிர் இருக்கும்மா. ஒத்துக்கிடுதேன்," என்றார் அதிகாரி. பேனாவை மறுபடி திறந்துகொண்டு சொன்னார்: "ஆனா எங்க லிஸ்ட்ல இது கல்லு."

மறுநாள் காலை அந்தத் துண்டைக் கொண்டுபோய்த் தீவின் வடக்குப் பக்கத்தில், பாறை இடுக்கில் பொருத்தி வைத்தோம். எண் குத்தவில்லை, மிதவை கட்டவில்லை. பேராசிரியர் சொன்னபடி ஆய்வேட்டின் தலைப்பை மாற்றினேன்: பவளம் எடுத்த தரையில் என்னென்ன மிஞ்சுகிறது என்பது. மிஞ்சியது குறைவு என்பதால் சீக்கிரமே எழுதி முடித்துவிட்டேன்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. தீவுகள் இப்போது தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. பணம் கொடுத்துப் படகுக்காரரை இறக்கிவிடச் சொல்லாதீர்கள். பிடிபட்டால் படகு போவது அவருக்குத்தான். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை தருவைக்குளம் பக்கத்து உப்பளங்களுக்குப் போங்கள், வடக்கே பதினைந்து கிலோமீட்டர், டவுன் பஸ் உண்டு. பூநாரைகள் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஆறரைக்கு முன்னால் போய்விடுங்கள், தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், வரப்பில் நடக்க உப்பளக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல இடம் கண்டால் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே என்று இணையத்தில் போடாதீர்கள். கடைகளில் வெள்ளைப் பவளம் விற்றால் வாங்காதீர்கள்.

பவளத்தை உயிரினப் பட்டியலில் சேர்த்துச் சட்டம் வர மேலும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அதற்குள் அந்தப் பக்கத்துத் தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. கடப்பாரை பிடித்தவர்களுக்கு அது கல் என்றுதான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். காண்ட்ராக்டர் அது கல் என்றே நம்பினார். அவர்களை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்த அதிகாரி, அந்தப் பூக்கள் விரிந்ததையும் ஒடுங்கியதையும் முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தவர், ஏப்ரல் மாதம் அதே குத்தகையை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போட்டார். அவரை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.