மகளின் முடியை வெட்டக் கூட்டிப்போன நாள்

என் மகளின் முடியை வெட்ட நானே கூட்டிக்கொண்டு போவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், அவர்களோடு பேச்சையே நிறுத்தியிருப்பேன். இருபத்து நான்கு வயது வரை அவள் முடியில் கத்தரி பட்டது பழனியில் பூமுடி கொடுத்தபோது மட்டும்தான். அதுவும் சாமிக்கென்று நுனியில் மூன்று விரற்கடை. மற்றதெல்லாம் நான் சீயக்காய் அரைத்துப் போட்டு, எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, இடுப்புக்குக் கீழே இறங்கும்வரை வளர்த்தது.

எங்களுக்குப் பள்ளிபாளையம். சொந்தத்தில் எட்டுத் தறி ஓடுகிறது. மகள் கோயம்புத்தூரில் ஒரு மில் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தாள். ஆவணியில் நிச்சயம் ஆயிற்று. மாப்பிள்ளைக்கும் வேலை கோயம்புத்தூர்தான். அவர்கள் எடப்பாடிப் பக்கம் விவசாயக் குடும்பம். பெண் பார்க்க வந்த அன்று சம்பந்தியம்மா என் மகளின் ஜடையைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, இந்தப் பொண்ணுக்கு நகை வேறு எதுக்குங்க என்று கேட்டார். வந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த வார்த்தை நெஞ்சில் அப்படியே உட்கார்ந்துகொண்டது. பேசி முடித்த சீர்களில் அந்த முடியும் ஒன்று என்றே நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் நல்ல காரியம் எதுவானாலும் குலதெய்வத்திடம் பூக் கேட்போம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. வெளியே தெரியாமல் மடித்துச் சாமி காலடியில் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. இந்தச் சம்பந்தத்துக்கு வெள்ளை வந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரு கவலையும் இல்லை. தை கடைசியில் முகூர்த்தம் குறித்தோம்.

பொங்கல் லீவில் வந்த மகள், கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது என்ற நிலையில், அடுப்படியில் வந்து நின்றுகொண்டு சொன்னாள்.

"முடியத் தோள் வரைக்கும் வெட்டிக்கறேம்மா. கொஞ்சம் கலரும் பண்ணிக்கறேன்."

விளையாடுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. கல்யாணப் பெண் முடியை வெட்டுவதாவது. மூளிக்கோலம் மாதிரி என்று அந்தக் கெட்ட வார்த்தை கூட என் வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு வாயில் அடித்துக்கொண்டேன். சம்பந்தியம்மா என்ன சொல்வார்கள், ஜனங்கள் என்ன பேசுவார்கள், கல்யாணம் நின்றுபோனால் நம் கதி என்ன என்று என்னென்னவோ கத்தினேன். அவள் எதிர்த்துப் பேசவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். எங்கள் வீட்டுக்காரர், ஆத்தாளும் மகளும் பார்த்து முடிவு பண்ணிக்கொள்ளுங்கள் என்று தறிக்குப் போய்விட்டார். இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

கடைசியில் நான் சொன்னேன், சாமி சொன்னால் வெட்டிக்கொள் என்று. உள்ளதைச் சொல்கிறேன், சிவப்புத்தான் வரும் என்ற தைரியத்தில் சொன்ன பேச்சு அது. வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, நந்தியாவட்டை ஒன்றும் செவ்வரளி ஒன்றும் மடித்து, தட்டில் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். வெள்ளை.

அந்தப் பூவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமா என்று கை பரபரத்தது. ஒரு கேள்வியை இரண்டு முறை கேட்பது சாமியைச் சந்தேகப்படுகிற காரியம். எழுந்துவிட்டேன். மகளிடம் போய் வெள்ளை வந்திருக்கிறது என்று சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "நீயும் கூட வரோணும்மா" என்று மட்டும் சொன்னாள்.

திருச்செங்கோடு ரோட்டில் மாடியில் இருந்தது அந்தக் கடை. நான் அதற்கு முன் அப்படி ஒரு கடைக்குள் கால் வைத்ததில்லை. சுவர் முழுக்கக் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் தெரிந்தேன், நெற்றியில் திருநீறும் கையில் மஞ்சப்பையுமாக. கறுப்பு ஏப்ரன் கட்டிய ஒரு பெண் வந்து உட்காரச் சொன்னாள். என் மகளைவிட நாலைந்து வயது சின்னவள். அவளுக்கே ஆம்பிளைப் பிள்ளை மாதிரி கிராப்பு.

முதலில் ஒரு புத்தகம் கொண்டுவந்து மடியில் வைத்தாள். பிரித்தால் உள்ளே பக்கம் பக்கமாகக் கொத்துக் கொத்தாக முடி. கறுப்பு, காப்பிக்கொட்டை நிறம், தேன் நிறம், கத்தரிக்காய் நிறம் கூட இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு நம்பர். செத்தவர்கள் முடியோ என்று கையை இழுத்துக்கொண்டேன். நைலான்தானுங்கம்மா, கலர் காட்டறதுக்கு என்று அந்தப் பெண் சிரித்தாள். பிறகு ஒரு பெரிய போனில் படம் தள்ளித் தள்ளிக் காட்டினாள். ஸ்டெப் கட், லேயர் கட், யூ கட் என்று பெயர்கள். எனக்கு எல்லாம் ஒன்று போலத்தான் இருந்தது. யூ கட் என்றால் கீழே கொஞ்சம் வளைவாக எடுப்பது என்றாள். சரி, அது இரண்டு அங்குலம் போதும் என்று நான் துணிக்கடையில் பேரம் பேசுகிற மாதிரி பேசினேன். மகள் லேயர் என்றாள். கழுத்தை மூட வேண்டும், பின்னால் அடர்த்தியாகத் தெரிய வேண்டும் என்றாள். கலரில் கறுப்பிலிருந்து இரண்டு படி இறங்கிய ஒரு பழுப்பைத் தொட்டுக் காட்டினாள். பிறந்ததிலிருந்து இருக்கிற கறுப்பில் என்ன குறை கண்டாய் என்று கேட்டேன்.

நாற்காலியில் உட்கார வைத்துக் கழுத்தைச் சுற்றித் துணி கட்டினார்கள். அந்தப் பெண் ஜடையை அவிழ்த்து, தண்ணீர் தெளித்து, சீப்பைப் பின்னந்தலையில் வைத்து வகிடு எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சீப்பு தலையிலேயே இருந்தது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து என் மகளிடம் மெதுவாகக் கேட்டது எனக்குக் கேட்டுவிட்டது.

"அக்கா, அம்மாவுக்குத் தெரியுங்களா?"

எழுந்து பின்பக்கம் போனேன். என் மகள் தலையைக் குனிந்து கொடுத்தாள். அந்தப் பெண் முடியைத் தூக்கிப் பிடித்தாள். உள்ளே மூன்று இடத்தில் முடியே இல்லை. ஒன்று பழைய ரூபாய்க் காசு அளவு. மற்ற இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, கட்டைவிரலை அழுத்தி வைத்த மாதிரி. சிரைத்தால்கூட வேர் தெரியும். இதில் ஒன்றுமில்லை, வழவழவென்று சலவைக்கல் மாதிரி இருந்தது. நான் இருபது வருஷம் எண்ணெய் தேய்த்த தலை அது.

புழுவெட்டு என்று எங்கள் ஊரில் சொல்வது. வேரைப் புழு தின்கிறது என்று நினைத்திருந்தேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்போதிருந்து என்று கேட்டதாக நினைவு. நிச்சயம் முடிந்து ஒரு மாசத்தில் ஆரம்பித்தது என்றாள். தலைக்கு எண்ணெய் நானே வைத்துக்கொள்கிறேன் என்று அவள் சொல்ல ஆரம்பித்ததும் அப்போதுதான். வெட்கம் வந்துவிட்டது, கல்யாணப் பெண் அல்லவா என்று அதற்கு நான் சிரித்திருக்கிறேன்.

வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். "அவருக்குத் தெரியும்" என்றாள். மாப்பிள்ளைதான் தீபாவளிக்கு முன்னாலேயே தோல் டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார். புழுவும் இல்லை பூச்சியும் இல்லை, நம் உடம்பே நம் முடி வேரைப் பகையாக நினைத்துத் தள்ளுகிறது, ஒட்டுவாரொட்டி கிடையாது, பெரும்பாலும் வளர்ந்துவிடும், நாளாகும் என்று டாக்டர் சொன்னாராம். வழுக்கை விழுந்த இடத்திலேயே மாசம் ஒரு முறை ஊசி போடுகிறார்களாம். தலையில் ஊசி. நான் முகூர்த்தப் புடவைக்கு எந்தக் கரை எடுப்பாக இருக்கும் என்று போனில் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில், இவள் தலையில் ஊசி குத்திக்கொண்டு வந்து, பச்சைக் கரை எடும்மா என்று சொல்லியிருக்கிறாள்.

மூன்றாம் மனுஷனுக்குச் சொல்லியிருக்கிறாய், பெத்தவளுக்குச் சொல்லவில்லையே என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்துத்தான் பேசினாள். திரும்பவில்லை.

"சொன்னா நீ என்ன பண்ணுவேம்மா? திரும்பப் பூவக் கேப்பே. செவப்பு வந்துட்டா கல்யாணத்த நிறுத்திருவே. பூவக் கேக்கறதுக்கு முன்னால என்னைய ஒருக்காக் கேட்டிருக்கலாமில்ல?"

அந்த நிமிஷம் என் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்ததே அதுதான். இங்கிருந்து நேராகக் கோயிலுக்குப் போவது, பூ வாங்குவது, இந்தக் கல்யாணம் நடக்கலாமா என்று கேட்பது. பெற்ற பிள்ளை தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறது, நான் பூக்கடையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சாமியைக் கேட்டது தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். என் பிள்ளையிடம் நான் கேட்க வேண்டியதையும் சேர்த்துச் சாமி தலையில் கட்டிவிட்டேன், அதுதான் தப்பு.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. கோயம்புத்தூரில் இல்லாத கடையா. தானே போய் வெட்டிக்கொண்டு வந்திருக்கலாம். என்னையும் கூட வா என்று கூப்பிட்டது வாயால் சொல்ல முடியாததை நான் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான்.

அந்தக் கடைப்பெண் நல்லவள். நாங்கள் பேசி முடிக்கும்வரை சும்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். கறுப்பு முடிக்கு நடுவில் வெள்ளைத் தோல் பளிச்சென்று தெரியும், பழுப்பாக்கினால் அவ்வளவு தெரியாது, நீளத்தின் பாரம் குறைந்தால் முடி எழும்பி நின்று மூடிக்கொள்ளும், அதற்குத்தான் அக்கா கேட்கிறார்கள் என்று. நான் என்னமோ ஸ்டைல் என்று நினைத்தேன்.

சம்பந்தியம்மாவுக்கு இது தெரியாது என்று மகள் சொன்னாள். மாப்பிள்ளை சொல்கிறேன் என்றாராம். முதலில் எங்க அம்மாவுக்குத் தெரியட்டும் என்று இவள்தான் நிறுத்தி வைத்திருக்கிறாள். நான் இப்போதே பேசட்டுமா என்று கேட்டேன். அவளைத்தான் கேட்டேன். பேசும்மா என்றாள்.

மாடிப்படிக்கு வந்து போன் போட்டேன். சம்பந்தியம்மா எடுத்தார். கரும்பு வெட்டு நடக்கிறது, பின்னால் ஆட்கள் சத்தம். நான் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்ற மவனுக்குத் தெரியுமுங்களா?" என்றார்.

தெரியும், அவர்தான் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போனது என்றேன்.

"ஊட்டுல ஒரு வார்த்தை சொல்லல பாருங்க" என்றார். அதற்குப் பிறகு, "பொறவு கூப்புடறனுங்க" என்று வைத்துவிட்டார்.

கல்யாணம் போயிற்று என்றே நினைத்தேன். பத்திரிகை பாதி ஊருக்குக் கொடுத்தாகிவிட்டது. உள்ளே வந்தேன். என்ன சொன்னார்கள் என்று மகள் கேட்டாள். உள்ளதைச் சொன்னேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கடைப்பெண் கத்தரியை வைத்துக்கொண்டு, அவர்கள் கூப்பிடும்வரை இருக்கட்டுமா என்று என்னிடம் கேட்டாள். நான் மகளைப் பார்த்தேன். வெட்டட்டும் என்றாள். "வெட்டுங்க சாமி" என்றேன் நானும் அந்தப் பெண்ணிடம்.

முதல் கொத்து விழுந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். விழுந்த சத்தம் கேட்டது. முடி விழுந்தால் சத்தம் கேட்கும் என்று அன்றுதான் தெரியும்.

பாதி வெட்டியிருக்கும்போது போன் அடித்தது. சம்பந்தியம்மா என்னிடம் பேசவில்லை. பொண்ணுகிட்டக் கொடுங்க என்றார். துணிக்குள் அவள் கை இருந்ததால் நானே அவள் காதில் வைத்துப் பிடித்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆமாங்கத்தை, இல்லீங்கத்தை, சரிங்கத்தை என்று இவள் சொன்னது மட்டும் கேட்டது. வெகுநேரம் பேசினார்கள். கண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது, துடைக்கக் கை இல்லை. என் முந்தானையால் துடைத்தேன். கடைசியில் என்ன நினைத்தாளோ, சிரித்துவிட்டாள்.

வைத்த பிறகு நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"தாலி கட்டறதுக்கு முடி எதுக்கு, கழுத்துத்தானே வேணும்னாங்க. கலரு மட்டும் செம்பட்டையா அடிச்சுராதே கண்ணுன்னாங்க."

அன்றைக்குக் கலர் போடவில்லை. காதுக்குப் பின்னால் சாயத்தை ஒரு பொட்டு வைத்து, ஒத்துக்கொள்கிறதா என்று இரண்டு நாள் பார்க்க வேண்டும், டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். நாங்கள் இருவருமாக மறுபடியும் அந்தப் புத்தகத்தைப் பிரித்து உட்கார்ந்தோம். அவள் தொட்ட பழுப்பு எனக்குக் கொஞ்சம் சிவப்பு ஓடுவது போல் பட்டது. அதற்குப் பக்கத்து நம்பரை நான் காட்டினேன். அவளுக்கும் அது பிடித்திருந்தது.

சாயங்காலம் வீட்டில், டாக்டர் கொடுத்த மருந்தை நான் தடவி விடட்டுமா என்று கேட்டேன். மருந்துக் குழாயைக் கையில் கொடுத்துவிட்டு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். தோள் வரைக்குமான முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். முடியில்லாத இடம் காதுக்கு மேலே ஒன்று, உச்சிக்குப் பின்னால் ஒன்று என்று வந்துகொண்டே இருந்தது. கடையில் நான் பார்த்தது மூன்று. மொத்தம் ஐந்து இருந்தது.