தையலுக்கு விட்ட அளவு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று இந்த ஊரில் ஓடும் பஸ்களில் பாதிக்கு மேல் என் பட்டறைச் சீட்டுதான். பெருமைக்குச் சொல்லவில்லை, ஏறி உட்கார்ந்து பாருங்கள், முதுகே சொல்லும். அந்தச் சீட்டுகளுக்கு உறை வெட்டுகிறவள் என் தங்கை. வாயும் கூர், கண்ணும் கூர். அதனால் பட்டறையில் அவள் பெயர் ஊசியக்கா.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் ரெக்சின் சுருள்கள் மேல் உட்கார்ந்து எல்லோரும் பீர் குடிப்போம். அவளும்தான். போன வருஷம் அவளுக்கு மார்பகத்தில் புற்றுநோய் வந்தது. அறுவை, மருந்து, கதிர்வீச்சு எல்லாவற்றையும் தாண்டி, தலையில் ஆணிக்கொண்டை அளவு முடி முளைத்ததும் பட்டறைக்கு வந்துவிட்டாள். வந்தவளுக்கு ஒரே கேள்வி: சனிக்கிழமை கிளாஸ் இனி உண்டா, இல்லையா?

"குடிக்காம இருந்தா நல்லது, குடிச்சா அளவா" என்றாராம் டாக்டரம்மா.

சிக்கலே அந்த வார்த்தையில்தான். எங்கள் தொழிலில் 'அளவா வெட்டு' என்றால், சொன்ன அளவுக்கு மேல் இரண்டு விரல் விட்டு வெட்டு என்று பொருள். தையலில் மடிந்து போகுமே, அதற்காக. ஆகவே அவளுக்கு ஒரு சின்ன கிளாஸ் ஊற்றி, மேலே இரண்டு விரலும் சேர்த்தேன்.

"அளவான்னாங்களாமே முதலாளி?" என்றான் தையல் மெஷின்காரன்.

"அளவுதான்டா. தையலுக்கு விட வேணாமா?"

"அக்கா வயித்துல எந்தப் பக்கம் தைக்கப்போறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏண்ணே, அந்தம்மா தையலுக்கு விட்டுச் சொன்னாங்களா, விடாம சொன்னாங்களா?"

குடிக்காமலே வைத்துவிட்டாள்.

அடுத்த பரிசோதனைக்கு நானும் போனேன். என்னைப் போல நாலு பேரை வைத்து வேலை வாங்கும் ஆள் பக்கத்தில் இருந்தால்தான் டாக்டர்கள் நின்று பதில் சொல்வார்கள். ஆனால் என்னை எங்கே பேச விட்டாள்?

"அளவுன்னா எவ்வளவு டாக்டர்? அதுல ஏதும் விட்டிருக்கா?"

"விட்டிருக்கான்னா?"

என் சட்டைக் கையைத் திருப்பி, உள்மடிப்பைக் காட்டி விளக்கினாள். டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதுல விடறதுக்கு ஒண்ணுமில்லைம்மா. இவ்வளவு வரைக்கும் குடிச்சா பயமில்லைன்னு ஒரு கோடே எங்ககிட்ட கிடையாது. கூடக்கூட ஆபத்தும் கூடும்."

"ஏன் கூடுது?"

"உங்க கட்டி ஹார்மோனைத் தின்னு வளர்ந்தது. ஆல்கஹால் அந்த ஹார்மோனை ஏத்தி விடும்."

"பீர் லேசானதாச்சே?"

"எதைக் குடிச்சாலும் உள்ள இருக்கிற சரக்கு ஒண்ணுதான். சுத்தமா விட்டா எனக்குச் சந்தோஷம். எப்பவாவது கொஞ்சம்னா, அது உங்க முடிவு."

அந்தச் சனிக்கிழமை அவளே ஊற்றிக்கொண்டாள், ஒரே ஒரு வாய். மோந்து பார்த்தாள். கண்ணை மூடி, நாக்கில் உருட்டி விழுங்கினாள். நாங்கள் பரீட்சை முடிவு பார்க்கிற மாதிரி அவள் முகத்தையே பார்த்தோம்.

"அண்ணே, கண்டுபிடிச்சிட்டேன்."

"என்னத்தை?"

"எனக்குப் பிடிச்சதே இந்த முதல் வாய்தான். இத்தனை வருஷம் மிச்சத்தைக் குடிச்சதெல்லாம், உனக்கு நான் சளைச்சவ இல்லைன்னு காட்டத்தான்."

"அப்ப இனிமே?"

"சளைச்சவன்னே வச்சுக்கோ" என்று சோடாவை எடுத்து ஊற்றிக்கொண்டாள். "இந்த ஒரு வாயும் வேணுமான்னு அடுத்த வாரம் பார்க்கணும்."