மின்னாவின் கத்தரிக்கோல்

மின்னா ஹாஸ்லர் கல்யாணத்துக்கு முன் பிட்ஸ்பர்கில் ஒரு மருத்துவமனையில் செவிலிப் பயிற்சி எடுத்தவள். ஓஹையோ ஆற்றங்கரையிலுள்ள கண்ணாடி ஆலை ஊருக்கு வாழவந்த பிறகு, ஆலையில் யாருக்குக் கை வெந்தாலும் அவள் கதவைத்தான் தட்டினார்கள். தம்பி ரூடியை அந்த ஆலையில் சேர்த்துவிட்டவளும் அவள்தான். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு மிஞ்சிய ஒரே ரத்த உறவு அவன்.

1897இல் ரூடியும் ஆலைப் பையன்களும் அமெரிக்கக் கால்பந்து கிளப் ஒன்று ஆரம்பித்தார்கள்; பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, மறிப்பவர்களை இடித்துத் தள்ளி, எல்லைக்கோட்டைத் தாண்டும் ஆட்டம் அது. சம்பளம் கிடையாது, சட்டைகூடச் சொந்தக் காசு. மொத்தமே பதினொரு பேர், மாற்று ஆள் இல்லை. எந்தப் பக்கம் ஓடுவது என்பதைக் கேப்டன் ரூடி ரகசிய நம்பராகக் கத்துவான். தலைக்குக் கவசமும் இல்லை. வளர்த்த முடிதான் மெத்தை. கோடை முதலே யாரும் முடிவெட்டக் கூடாது, சீசனின் நடுவில் வெட்டியவனுக்கு அந்த வருஷம் ஆட்டம் இல்லை என்பது கிளப்பின் சட்டம். அக்டோபரில் அவர்கள் தெருவில் நடந்தால் துடைப்பங்கள் ஊர்வலம் போவதுபோல் இருக்கும்.

ஆடிய ஆட்டமெல்லாம் தோல்வி. ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. நவம்பர் கடைசி வியாழன், வீடுதோறும் வான்கோழி விருந்து வைக்கும் நன்றித் திருநாளன்று கடைசி ஆட்டம், எதிர்க்கரை அணியுடன். இடைவேளைக்குச் சற்று முன், பந்தை அணைத்துக்கொண்டு ஓடிய ரூடியின் தலையில் ஒரு தடியனின் முழங்கால் இடித்தது. ரூடி எழுந்து சிரித்தான். மின்னா சிரிக்கவில்லை; இடைவேளையில் அவனை ஓரமாக நிறுத்திக் கேட்டாள்.

"இன்னிக்கு என்ன கிழமைடா?"

"வியாழன். உன் அடுப்புல வான்கோழி வேகுது. போதுமா? இந்த முடியப் பாருக்கா, சுத்தியலால அடிச்சாலும் உறைக்காது."

"இடது பக்கம் ஓடறதுக்கு என்ன நம்பர் சொல்லுவே?"

"பதினாலு."

பக்கத்தில் நின்ற சக ஆட்டக்காரன் லூகாஸின் முகம் மாறிவிட்டது. "அது பழசுடா. எதிராளிங்க கண்டுபிடிச்சுட்டாங்கன்னு செவ்வாக்கிழமை நீதானே மாத்தினே?"

"நானா?" என்றான் ரூடி.

தலையில் அடிபட்டு, இப்படித் தெளிவாகப் பேசிவிட்டுத் தூங்கப்போய் எழுந்திருக்காத ஒருவனை மின்னா மருத்துவமனையில் பார்த்திருக்கிறாள்.

"நீ ஆட வேண்டாம்."

"பத்துப் பேரா ஆடி இன்னிக்கும் முட்டை வாங்கினா கிளப்பே கலைஞ்சுடும். விடுக்கா."

அவன் கிளம்பிவிட்டான். கேப்டன் அவன், தடுக்க யாருக்கும் வாய் வரவில்லை. மின்னா கட்டுத்துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தாள். அவன் முன்முடியைக் கொத்தாகப் பிடித்து ஒரே வெட்டு.

லூகாஸ் கீழே விழுந்த முடியைப் பார்த்து, "போச்சு, சட்டப்படி அவுட்" என்றான்.

"என்னக் கொன்னுட்டியேக்கா!"

"கொன்னா நாளைக்குச் சாப்பிட யாரு வருவா? உக்காரு."

இரண்டாம் பாதியில் ரூடி வாந்தி எடுத்தான். மின்னா துடைத்துவிட்டு, மிச்ச முடியையும் வெட்டினாள். பாதியில் விட்டால் பார்க்கச் சகிக்காது. மைதானத்தில் பத்துப் பேரும் சேற்றில் புரண்டுகொண்டிருந்தார்கள்.

ஆட்டம் முடியும் நேரம். லூகாஸ் ஒவ்வொருவர் காதிலும் ஏதோ சொல்லிவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை கேட்கும்படி "பதினாலு!" என்று கத்தினான். எதிராளிகள் மொத்தப் பேரும் இடது பக்கம் பாய்ந்தார்கள். பந்து வலது பக்கமாகப் போய் எல்லைக்கோட்டைத் தாண்டியது; கிளப்பின் முதல் நாலு புள்ளி. பத்துக்கு நான்கு என்று தோற்றார்கள். ஊர் ஜனம் லூகாஸைத் தோளில் தூக்கியது.

"என் நம்பர்க்கா!" என்றான் ரூடி.

"ஆமா. தலைய ஆட்டாதே."

குளிர்காலம் முழுக்க அவனுக்குத் தலைவலி. வசந்தத்தில் அது விட்டது. ஆகஸ்டில் அடுத்த சீசனுக்குப் பதினாறு பேர் பெயர் கொடுத்தார்கள். அத்தனை பேர் முடியும் கழுத்துவரை வளர்ந்திருந்தது, ரூடியின் முடியும்தான். இனி இடைவேளையில் மின்னா ஒவ்வொருவனிடமும் நம்பர் கேட்பாள், தப்பாகச் சொன்னவனுக்கு முடி போகும் என்று கிளப் தீர்மானித்தது.

"உன் தம்பிக்கும் அதேதானா?" என்று லூகாஸ் கேட்டான்.

"அவன்கிட்ட ரெண்டு தடவ கேப்பேன்" என்றாள் மின்னா, கத்தரிக்கோலைச் சாணை பிடித்துக்கொண்டே.