தட்டில் போட்ட எண்ணெய்

போன ஞாயிற்றுக்கிழமை ஜமுனாமரத்தூரில் ஒரு காதுகுத்து. நானும் எங்கள் வீட்டுக்காரரும் ஆலங்காயத்தில் பஸ் ஏறினோம்.

டிரைவர் இவரைப் பார்த்ததும் சீட்டிலிருந்தே கும்பிட்டார். "வாங்கண்ணே, இப்டி முன்னாடி குந்துங்க" என்று பக்கத்து இடத்தைக் காட்டினார். காட்டமாட்டாரா பின்னே? இதே மலைப் பாதையில் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் இவர். இந்தப் பக்கத்து டிரைவர்களில் பாதிப் பேருக்கு வளைவு எடுக்கக் கற்றுக்கொடுத்தவர்.

"இல்லப்பா. நான் பின்னாடியே இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு நடுவில் ஒரு சீட்டில், அதுவும் ஜன்னல் பக்கம் என்னைத் தள்ளிவிட்டு, உட்கார்ந்துகொண்டார்.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் இறங்கும்போதுதான் பார்த்தேன். வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். மூன்றாவது வளைவில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கல்யாணமாகி நாற்பது வருடம் ஆகிறது. நாலு பேர் பார்க்க இவர் என் கையைப் பிடித்ததே கிடையாது. பிடித்திருந்தால் நான் வெட்கத்தில் செத்திருப்பேன். ஆனால் அன்றைக்கு எனக்கு வெட்கம் வரவில்லை. நானும் அந்தக் கையை விடவில்லை.

ஏனென்றால் இந்த மனிதரை இப்படி ஆக்கியது யார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு வரை வேறு யாருக்கும் தெரியாது... எனக்கும், வாணியம்பாடியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒரு பாய்க்கும் தவிர.

இந்தப் பக்கத்தில் முன்பு எழுதினேனே, இவருடைய சைக்கிள், அது எப்படி இருக்கிறது என்று நீங்கள் மூன்று, நாலு பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். நானும் ஒவ்வொரு வாரமும் சாமை விலை, சளிக் கஷாயம் என்று எதையாவது எழுதி நழுவிக்கொண்டே இருந்தேன். இனி நழுவ முடியாது.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் கலா, அப்பா ஓய்வு பெற்றதும் ஒரு மலை சைக்கிள் வாங்கிக் கொடுத்தாள். மலை சைக்கிள் என்றால் தடித்தடியாக இருக்கும் என்று நினைத்தேன். இது ஒல்லியாக, எலும்பாக இருந்தது. பத்துக் கிலோவுக்குக் கொஞ்சம்தான் கூட. காலி காஸ் சிலிண்டரை நகர்த்த நான் படும் பாடு... இதை ஒரே கையில் தூக்கிப் படியேற்றிவிடுவேன்.

ஆனால் அதில் ஒன்றுமே இல்லை. ஸ்டாண்டு இல்லை. கேரியர் இல்லை. மட்கார்டு இல்லை. பெல் கூட இல்லை. எதிர் வீட்டு சரோஜா வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கேரியரே காணமே, உன்னெ எங்க குந்த வெச்சுக்குனு போவாராம்?" என்று கேட்டாள். நான் உள்ளே ஓடிவிட்டேன்.

முன் சக்கரத்துக்கு மட்டும் ஸ்பிரிங் உண்டு. பின்னால் கிடையாது. ஹார்ட்டெய்ல் என்று பெயராம். "ஏங்க, பாதி ஸ்பிரிங்கு போட்டு ஏமாத்திட்டானா?" என்று கேட்டேன்.

"பின்னாடி ஸ்பிரிங்கு நான்தான்மே" என்றார். "பள்ளம் வந்தா குந்தக் கூடாது. முட்டியெ மடக்கி எழுந்து நிக்கணும். எடை கம்மி, மெதிச்சா மெதிச்சது அப்டியே ரோட்டுக்குப் போவுது. இத்தோட அருமெ உனக்கு எங்க தெரியும்."

அருமை தெரிந்துதான் ஓட்டினார். விடிந்ததும் கிளம்பினால் காவலூர் வரை ஏறுவார். சில நாள் தார் ரோட்டை விட்டுக் காட்டுப் பாதையில் இறங்கி, மலை ஊர்களுக்குள் புகுந்து வருவார். ஓடை வந்தால் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு தாண்டுவாராம். பஸ் போகாத ஊர்களை எல்லாம் இப்போதுதான் பார்க்கிறேன் என்று சின்னப் பையன் மாதிரி சொல்லுவார். இட்லி ஆறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். இரண்டு வருடம் அப்படி ஓடியது.

போன வருடம் ஆயுத பூஜை வந்தது.

டிரைவர் வீட்டு ஆயுத பூஜை எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தீபாவளி கூட அதற்கு அப்புறம்தான். அன்றைக்கு டெப்போவில் பூஜைக்குக் கூப்பிட்டிருந்தார்கள், இவர் வேட்டி கட்டிக்கொண்டு போய்விட்டார். "சைக்கிளெ மட்டும் கழுவி வெய்யி, வந்து பூசெ போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

கழுவினேன். கழுவியதோடு விட்டிருக்கலாம்...

எங்கள் வீட்டில் இரும்பு எதுவானாலும் பூஜைக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பதுதான் வழக்கம். அரிவாள்மணை, கடப்பாரை, இவருடைய ஸ்பானர் பெட்டி, எல்லாமே. கடலை எண்ணெயைத் துணியில் தொட்டு சைக்கிளையும் துடைத்தேன். ஒன்று சொல்லிவிடுகிறேன். ரிம்மில் எண்ணெய் படக்கூடாது என்பது எனக்குத் தெரியும். என் அப்பாவின் சைக்கிளைத் துடைத்து வளர்ந்தவள் நான். பிரேக் கட்டை வந்து ரிம்மைத்தானே பிடிக்கும்? அதனால் ரிம் பக்கமே போகவில்லை. அவ்வளவு ஜாக்கிரதை!

சக்கரத்தின் நடுவில், ஓட்டை ஓட்டையாக ஒரு வட்டத் தட்டு இருந்தது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மழையில் நனைந்து லேசாகத் துரு படிந்து கிடந்தது. எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது. அழகுக்கு வைத்த தட்டு போல, இதைக் கவனிக்காமலே விட்டுவிட்டாரே என்று, அதற்கு மட்டும் இரண்டு கை எண்ணெய் கூடப் போட்டேன். கண்ணாடி மாதிரி ஆயிற்று. சந்தனமும் குங்குமமும் அதன் மேலேயே வைத்தேன்.

இந்தச் சைக்கிளுக்கு பிரேக்கே அந்தத் தட்டில்தான்.

பூஜை முடிந்து, மறுநாள் விஜயதசமியும் போய், மூன்றாம் நாள் சைக்கிளை எடுத்தார். எடுக்கும் முன் பிரேக்கை அமுக்கிப் பார்த்தார். டிரைவர் பழக்கம், ஒருநாளும் தவறாது. அமுக்கினால் அது எப்போதும் போல விறைப்பாகத்தான் நின்றிருக்கிறது. ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலை இல்லை. இறக்கத்தில், முதல் பெரிய வளைவில், இரண்டு பக்கமும் அமுக்கியிருக்கிறார். வண்டி நிற்கவில்லை. ஓரத்துப் பாறையில் போய் மோதியிருக்கிறது.

பால் வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது.

எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. கூடாதது வேறு. ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுத்துக்கொண்டு தன் இரண்டு உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புடிச்சேன்னுதான் நெனச்சேன்மே. கை புடிக்கல போல. மூளெ சொல்லுது... கை கேக்கல."

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். சரோஜா, "வயசு ஆவுதில்ல அண்ணாத்தெ, பேசாம வூட்ல இருங்க" என்றாள். கலா போனில் அழுதாள். "நான்தான்மா அத்தெ வாங்கிக் குடுத்துக் கெடுத்துட்டேன்" என்றாள். டாக்டர் கூட, இந்த வயதில் சைக்கிள் எதற்கு என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இவர் தலையை ஆட்டினார்.

கார்த்திகையில் கலா வந்தாள். வளைந்த சக்கரத்தை எடுத்து, சைக்கிளையும் காரில் போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு வாணியம்பாடிக்குப் போனாள். கியர் சைக்கிள் எல்லாம் பார்க்கும் பாய் கடை. அப்பா பஸ் டிரைவர், கை பிரேக்கைப் பிடிக்காமல் விழுந்துவிட்டார் என்று பாயிடம் சொல்லிவிட்டு, அவள் போன் பேச வெளியே போனாள். பாய் அந்தத் தட்டை விரலால் தொட்டார். மோந்து பார்த்தார்.

"இன்னாமா இது, கடலெண்ணெ வாசன வருது?"

நான் கலா வருகிறாளா என்று வாசலைப் பார்த்தேன்.

ஓட்டைக்குள் காய்ந்திருந்த சந்தனத்தை ஊசியால் குத்தி எடுத்துக் காட்டினார். "பூசெ போட்டீங்களா? இது மேல ஒரு சொட்டு எண்ணெ பட்டாலே பிரேக்கு வழுக்கும்மா. இது முழுக்க ஊறிக் கெடக்குது. யாரு போட்டது?"

"தெரிலியே பாய்" என்றேன்.

பொய். ஐம்பத்தெட்டு வயதில், ஒரு சைக்கிள் கடையில் நின்றுகொண்டு பொய்.

பாய் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் குனிந்து வேலையைப் பார்த்தார். தட்டை ஏதோ மருந்து போட்டுத் துடைத்தார், பிரேக் கட்டைகளை மாற்றினார். கிளம்பும்போது மட்டும் மெதுவாகச் சொன்னார். "டிரைவர்கிட்ட சொல்லிடுங்கம்மா. அவர் கையில கோளாறு இல்லன்னு. பாவம், அவருக்குத் தெரியணும்."

சொல்லியிருக்கலாம் அல்லவா? அன்றைக்கே, வீட்டுக்குள் நுழைந்ததும் சொல்லியிருக்கலாம். இவர் கோபக்காரரும் இல்லை.

எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அஞ்சாவது வரை படித்தேன். டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் எழுந்திருக்க மாட்டேன். எழுதச் சொன்னால் எழுதுவேன். இத்தனை வாரமாக உங்களோடு பேசுகிறேனே, நேரில் வந்து நின்றால் ஒரு வார்த்தை பேசமாட்டேன். நாளைக்குச் சொல்லலாம், பொங்கல் போகட்டும், தோள் வலி குறையட்டும்... இப்படியே தள்ளினேன். வெட்கம் என்று சொல்லி அதற்குள் ஒளிந்துகொண்டேன். உள்ளே இருந்தது பயம்தான்.

நான் சொல்லாமல் இருந்த நாட்களில் இவர் என்ன செய்தார் தெரியுமா? டம்ளரை இரண்டு கையால் பிடிக்க ஆரம்பித்தார். கடைக்கு மொபெட்டில் போவதை விட்டார். கலா காரை ஓட்டச் சொல்லிச் சாவியைக் கொடுத்தபோது, "வேணாம்மா, என் கையெ நம்பக் கூடாது" என்று திருப்பிக் கொடுத்தார். படி இறங்கும்போது சுவரைப் பிடித்தார். அந்தக் கையில் ஒரு குறையும் இல்லை. எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே டம்ளரில் பாதிதான் காபி ஊற்றிக் கொடுத்தேன், சிந்தக்கூடாதே என்று!

அப்புறம்தான் போன ஞாயிற்றுக்கிழமை பஸ்.

திங்கட்கிழமை காலையில், அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தால் வராது.

"ஏங்க... உங்க கையில ஒண்ணும் இல்லீங்க. நான்தான் தட்டுல எண்ணெ போட்டுட்டேன்."

"எந்தத் தட்டு? இட்லித் தட்டா?"

"இல்லீங்க. சைக்கிள் தட்டு. ஆயுத பூசெக்கு. அதான் பிரேக்கு புடிக்கல. பாய் சொன்னாரு."

இட்லி ஆவி மட்டும் உஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது.

"பாய் எப்பொ சொன்னாரு?"

"கார்த்திகையில."

கார்த்திகை, மார்கழி, தை, மாசி என்று அவர் வாய்க்குள் சொல்வது கேட்டது.

"எண்ணெ போட்டது தப்பில்லமே" என்றார். குரல் உயரவே இல்லை. "தெரியாம செஞ்சது. பஸ்ல எத்தினி கிளீனரு இந்த மாதிரி செஞ்சுருப்பான், திட்டிட்டு உட்டுருவேன். ஆனா நாலு மாசம் என்னெக் கெழவனா உட்டுவெச்சுட்டியே."

நான் இட்லியை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

அவர் இட்லி சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்தார். சாயங்காலம் வரை வெளியே திண்ணையிலேயே இருந்தார். விளக்கு வைத்த பிறகு நானே போய், "இத்தெ நம்ம பக்கத்துல எழுதட்டுங்களா?" என்று கேட்டேன்.

"எழுது. வேற எந்த வூட்லயாவது பூசெ போடறதுக்கு முன்னாடி படிக்கட்டும்" என்றார்.

மன்னித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். புதன்கிழமை காலை அவரே சைக்கிளை வெளியே எடுத்தார். காற்று அடித்தார். தட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிரேக்கை அமுக்கினார், விட்டார், மறுபடி அமுக்கினார். நான் வாசலில் நின்றேன்.

எங்கள் வீட்டிலிருந்து தெருமுனை கொஞ்சம் ஏற்றம். பெரிய ஏற்றம் இல்லை, தண்ணீர்க் குடம் தூக்கி வருகிறவர்களுக்குத்தான் தெரியும். ஏறி உட்கார்ந்தார். ஒரே மூச்சில் மேலே போய்விட்டார். முதுகு நேராக, பழைய மாதிரியே. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சரோஜா கூட வாசலுக்கு வந்து, "அட, அண்ணாத்தெ கெளம்பிட்டாரு" என்றாள்.

முனையில் சைக்கிளைத் திருப்பினார். இறக்கத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றார். ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் காலைத் தூக்கி இறங்கி, அந்த இருபது வீட்டுத் தூரத்தையும் தள்ளிக்கொண்டே வந்தார்.

வாசலுக்கு வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "பிரேக்கு நல்லாப் புடிக்குதுமே" என்றார்.