படம் வராத வீடியோ

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் சேர்ந்தபோது அடையாள அட்டையில் அதை அச்சடித்தார்கள், அதோடு சரி. தெருவுக்கு அவர் ‘காது’தான். அக்கா பிறவியிலேயே காது கேளாதவள், பேச்சும் வராது. கைதான் அவளுக்கு வாய். சின்ன வயதிலிருந்தே அக்காவுக்காகக் கேட்டு, கேட்டதையெல்லாம் கையால் சொல்லியே வளர்ந்தவர் அவர். ஆஸ்பத்திரியோ, வங்கியோ, வீட்டுக்காரரோடு வாய்ச்சண்டையோ, எதுவானாலும் நடுவில் காது நிற்பார்.

ஒரே ஒரு சொல்லை மட்டும் அவர் கை சொன்னதில்லை. எவனாவது ‘ஊமை’ என்றால் அதை அப்படியே விழுங்கிவிடுவார். அக்காவின் கல்யாணத்தில் பெரியப்பா மகன், “ஊமைக்கு ஊமையப் புடிச்சுக் கட்டி வச்சிட்டாங்க, வீட்டுல சண்டை சத்தமே கேக்காது” என்று பல்லைக் காட்டினான். காது பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். என்ன சொன்னான் என்று கேட்ட அக்காவிடம், “சாப்பாடு பிரமாதமாம்” என்று கையைக் காட்டினார். அக்கா லேசுப்பட்டவளா என்ன!

“சாப்பாடு பிரமாதம்னதுக்கா சட்டையப் புடிச்சே?” என்று அவள் கை கேட்டது.

அந்த அத்தான்தான் இப்போது இல்லை. அச்சகத்தில் புத்தகம் கட்டுகிறவர், அவருக்கும் காது கேட்காது. கோபமே வராத மனுஷன். நெஞ்சில் அறுவை சிகிச்சை என்று போனவர் கண் திறக்கவே இல்லை. உள்ளே கொண்டுபோவதற்கு முன் அக்காவிடம் சொல்லியிருந்தார்: “கம்ப்யூட்டர்ல உனக்கு ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன். வீட்டுக்குப் போனதும் சேர்ந்து பாப்போம்.”

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு, அக்கா தனியாக உட்கார்ந்து அந்த வீடியோவைத் திறந்தாள். திரை கறுப்பாகவே இருந்தது. தம்பியைக் கூப்பிட்டாள்.

காது வேலை முடிந்து தினமும் வந்தார். முதலில் வேறு பிளேயரில் போட்டுப் பார்த்தார். அது ‘இந்த ஃபைலை இயக்க முடியவில்லை’ என்று முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டது. இன்னொன்றில் கீழே கோடு மட்டும் நகர்ந்தது, படம் இல்லை. வீடியோ ஓட கோடெக் என்று ஏதோ மென்பொருள் வேண்டும் என்று யாரோ சொல்ல, அதையும் இறக்கிப் போட்டார். ஃபைலின் கடைசி எழுத்துகளை மாற்றினார். திரைக்கான டிரைவரைப் புதுப்பித்தார். ஒவ்வொரு தடவையும் அக்கா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, கண் கொட்டாமல் கறுப்பையே பார்த்தாள். பாவம், அவள் புருஷன் கடைசியாகச் சொன்னது அதற்குள்ளே இருக்கிறது. அவளுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கடைசியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற பெண் ஒருத்தியை அழைத்து வந்தார். அவள் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, “ஸ்பீக்கர் எங்கண்ணே?” என்று கேட்டாள்.

ஸ்பீக்கரா? இந்த வீட்டில் அதற்கு என்ன வேலை? ரேடியோகூடக் கிடையாது. யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார்கள், அவ்வளவுதான். அந்தப் பெண் தன் பையிலிருந்து ஒரு ஹெட்போனை எடுத்து மாட்டிக் கேட்டாள்.

“பதிவு ஓடிட்டு இருக்கும்போதே கரண்ட் போயிருக்கு. படம் எழுதப்படவே இல்ல, இனிமே யாராலயும் எடுக்க முடியாது. ஆனா சத்தம் முழுசா இருக்கே! நீங்க கேக்கவே இல்லையா?”

ஊருக்கே காது என்று பெயர் வாங்கியவருக்கு, காதை வைத்துப் பார்ப்போம் என்று இத்தனை நாளும் தோன்றவில்லை. அந்தப் பெண் ஹெட்போனை அவரிடமே விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

காது அதை மாட்டிக்கொண்டு தொடக்கத்திலிருந்து போட்டார். அக்கா அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாற்காலி இழுபட்டது. “உக்கார்றாரு” என்று கையால் சொன்னார். ஒரு இருமல், அதையும் சொன்னார். பிறகு கையோடு கை படுகிற ஓசை, சட்டை உரசுகிற ஓசை. அத்தான் பேசுகிறார். என்னதான் பேசுகிறார்? காற்றில் போன கையைக் காதால் எப்படிப் படிப்பது? எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லிவிடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது. அப்போது டப், டப் என்று கேட்டது. கன்னத்தில் ஒரு தட்டு, உள்ளங்கையில் ஒரு தட்டு. அத்தான் அக்காவுக்கு வைத்திருந்த பெயர் அது.

“உன் பேரு” என்றார். கொஞ்சம் கழித்து மறுபடி, “உன் பேரு.” அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

அப்புறம் டக் டக் டக் என்று விளக்குச் சுவிட்சின் ஓசை. கூடவே ஒரு குரல். அந்தப் பதிவில் இருந்த ஒரே பேச்சு.

“கார்க்காரன் கத்துறான், இங்க உக்காந்து யார்கூடவோ கையாட்டிட்டு இருக்காரு. இந்த ஊமைங்களோட மாரடிச்சே என் ஆயுசு போச்சு.”

காதின் குரல். சுவிட்ச் ஒன்று சடாரென்று விழுந்தது, அத்தோடு முடிந்தது.

அவருக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய அன்று, அத்தானுக்குப் படுக்கை ஏற்பாடு செய்ய அக்கா முன்கூட்டியே போயிருந்தாள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அத்தானைக் கிளப்ப இவர்தான் வாடகைக் காரோடு வந்தார். நண்பன் எவனோடோ பேசுகிறார் என்று நினைத்தார். ‘ஒரு நிமிஷம்’ என்று அத்தான் ஒற்றை விரலைக் காட்டினார். இவர் கையைப் பிடித்து எழுப்பி, வீட்டைப் பூட்டும் அவசரத்தில் மெயின் சுவிட்சை அணைத்தார். அதுவரை சொன்னது தானாகவே பதிந்திருக்கும் என்று அத்தான் நம்பிப் போயிருப்பார்.

அக்கா அவர் தோளை உலுக்கினாள். “என்ன? அப்புறம் என்ன சொன்னாரு?”

சாப்பாடு பிரமாதம் என்று சொல்லிவிடலாம். அவளுக்குத் தெரியவா போகிறது? ஆனால் அவள் கண் அப்படிக் கெஞ்சும்போது காதின் கைக்குப் பொய் சொல்ல வரவில்லை. விளக்கை அணைத்து அணைத்துப் போட்டது, தான் பேசியது, மெயினை அணைத்தது எல்லாவற்றையும் சொன்னார். வாழ்நாள் முழுக்க விழுங்கிவந்த அந்தச் சொல்லையும் முதல்முறையாகக் கையால் சொன்னார். தன் வாயிலிருந்து வந்தது என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

அக்கா அவரையே பார்த்தாள். பிறகு எழுந்து போய் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டாள்.

அவள் முதுகைக் காட்டிவிட்டால் அவளிடம் பேச உலகத்தில் வழியே கிடையாது. மன்னிப்புக் கேட்கக்கூட அவள் திரும்ப வேண்டும். காது பழக்கதோஷத்தில் சுவர்ப் பக்கம் போய் விளக்குச் சுவிட்சில் விரலை வைத்தார். அன்றைக்கு அத்தானைக் கிளப்ப டக் டக்கென்று போட்டதும் இதே சுவிட்ச்தான். விரலை எடுத்துக்கொண்டு, அவளாகத் திரும்பட்டும் என்று அங்கேயே நின்றார்.