கல்லைப் பிடித்துக்கொண்ட ரத்தம்

எண்பதுகளின் கடைசியில், பழவேற்காட்டு மீனவர் தெருவில் ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். நண்டின் ரத்த அணுக்கள் எவ்வளவு விறைப்பு, எவ்வளவு இளக்கம் என்று அளப்பது என் ஆராய்ச்சி. சென்னைக்குக் கொண்டுபோவதற்குள் அணுக்கள் செத்துவிடும். அதனால் கருவியோடு நானே ஏரிக்கரைக்கு வந்துவிட்டேன்.

கருவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சட்டைப் பொத்தான் அளவு ஸ்படிக வில்லை ஒன்று, மின்சாரம் கொடுத்தால் காதுக்கு எட்டாத வேகத்தில் அதிரும். மேலே உயிருள்ள அணுக்கள் ஒட்டிப் படர்ந்தால் அதிர்வு மட்டுப்படும், பெட்டியில் சிவப்பு எண்கள் இறங்கும். அணுக்கள் செத்துப் பிடி விட்டால் எண்கள் ஏறும். வீட்டுக்கார அக்கா ஒருநாள், "இது இன்னா பண்ணுது?" என்று கேட்டார். விளக்கச் சோம்பல்பட்டு, "உயிர் இருந்தா கல்லைப் புடிச்சுக்கும்க்கா, போனா உட்டுடும்" என்றேன். சுருக்கமாகச் சொல்லிவிட்டதில் பெருமை வேறு.

அவர் புருஷனுக்கு, நான் அண்ணன் என்று கூப்பிடுபவருக்கு, காலில் கெளுத்தி மீன் முள் குத்தி, வீங்கி, மூன்று நாளாகக் காய்ச்சல். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போக அக்கா பை கட்டிவிட்டார். அண்ணன்தான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது அக்கா என்னிடம் வந்தார்.

"டீச்சரம்மா, இவரு ரத்தத்தையும் கல்லுல வெச்சுப் பாரேன். புடிக்குதா, உடுதான்னு."

மறுத்திருக்க வேண்டும். ஆனால் மனித ரத்தத்தை நான் அதுவரை வைத்துப் பார்த்ததில்லை. ஆசை. விரலில் குத்தி எடுத்து, வெள்ளை அணுக்களைப் பிரித்து வைத்தேன். எண்கள் மளமளவென்று இறங்கின.

"புடிச்சுக்கிச்சுக்கா" என்றேன்.

அக்கா பையைப் பிரித்து அண்ணனின் வேட்டியை மறுபடி கொடியில் போட்டார். அதைப் பார்த்தேன். பார்த்தபடியே எண்களைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அண்ணன் இறந்துபோனார். வெளியே அவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. கருவியை அணைக்கலாம் என்று உள்ளே போனேன். எண்கள் ஏறவில்லை. வெளியே பிணமாகக் கிடந்தவரின் அணுக்கள் இங்கே கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. ஆள் செத்தது அணுவுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் கை சுவிட்சுக்குப் போகவில்லை. பயமாக இருந்தது.

அடக்கம் முடிந்த சாயங்காலம் அக்கா ஈரத் தலையோடு வந்து நின்றார். எண்களைப் பார்க்க அதற்குள் கற்றிருந்தார்.

"இன்னும் ஏறலியே."

"இல்லக்கா."

அவர் முகம் வெளுத்தது. "அப்ப உயிரோடயா பொதச்சுட்டு வந்துட்டாங்க?"

வாசலில் அக்காவின் தம்பி மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு நிமிடம் விட்டால் அக்கா குழியைத் தோண்ட அவரைக் கூப்பிட்டிருப்பார். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இல்லக்கா. அண்ணன் போயிட்டாரு. இந்தக் கல்லு அவரைப் பத்தி எதுவும் சொல்லாது. நேத்தும் சொல்லல. அந்த ஒரு சொட்டைப் பத்தித்தான் சொல்லிச்சு."

அக்கா கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"அப்ப நேத்து பஸ்ஸுக்குப் போயிருக்கலாம்" என்றார்.