ஸொம்பி நுழையாத குசினி

என் கணவருக்கு இரண்டு வீடுகள். ஒன்று எனக்குச் சீதனமாகக் கிடைத்தது, தேற்றாத்தீவில் இருக்கிறது. மற்றது அவர் கல்குடாவிலும் களுதாவளையிலும் இருக்கிற இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு லெப்டொப் விளையாட்டுக்குள் கட்டியது. அதைச் சுற்றி ஸொம்பிகள் அலையும். உறுதியானது இரண்டாவதுதான்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மாமனார் கட்டிய சுவரில் ஆணி அடிக்கக் கூச்சப்படுவார். என் கணவரின் கூச்சம் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் காணாமல் போகும்.

மகன் தவழத் தொடங்கியதிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை. குசினியின் பின்வாசலுக்கு நேரே கிணறு. அதன் கட்டு ஒரு பக்கம் இடிந்து கிடந்தது. மேசன் மழைக்குப் பிறகுதான் வருவாராம். கதவை மூடிவிட்டு அந்த வெக்கையில் சமைக்கவும் முடியாது. வாசலில் இடுப்பளவுக்கு ஒரு படலை போட்டுத் தரும்படி கணவரிடம் கேட்டேன்.

“உன்ட வீடுதானே, மாமாட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்வம்” என்றார்.

அப்பாவிடம் போனேன். “மருமகன் இரிக்கக்குள்ள நான் கைவைக்கிறது மரியாதையில்ல மகள்” என்றார்.

இருவரின் மரியாதைக்கும் நடுவில் கிணறு திறந்தே கிடந்தது.

கடைசியில் நானும் என் ஃபோனில் அந்த விளையாட்டில் சேர்ந்தேன். பிள்ளை பெற்றவள் செய்கிற வேலையா இது என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே பெயரைப் பதிந்தேன். விறகு பொறுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. “சத்தம் போடாத. சத்தத்துக்குத்தான் அதுகள் கூட்டமா வரும். பேஸுக்குக் கதவு ரெண்டடுக்கு இரிக்கணும்” என்று கணவர் பொறுமையாகச் சொல்லித்தந்தார். கல்யாணமான நாள் முதல் அவர் எனக்கு இவ்வளவு நீளமாக எதையும் விளக்கியதில்லை.

ஒரு பின்னேரம், எல்லோரும் கேட்கும்படி மைக்கில் கேட்டேன்.

“ஒரு சந்தேகம். ஒண்டு தவண்டு வருது. கண்டதையெல்லாம் கடிக்குது. களைக்கவே மாட்டேங்குது. எப்படி மறிக்கிற?”

“புது வகையா அக்கா? எந்தப் பக்கத்தால?” என்றார் கல்குடா நண்பர், அக்கறையாக.

“குசினிப் பக்கத்தால. நேரே கிணத்துக்கு.”

களுதாவளை நண்பர் வெடித்தார்: “டேய், அது உன்ட மகன்டா! சொந்த பேஸில ஓட்டைய வச்சிக்கிட்டு எங்களுக்குத் தலைவனா நீ?”

கணவர் மைக்கை அணைத்தார். ஆட்கள் முன் மானத்தை வாங்கிவிட்டேனோ என்று கலங்கினேன். ஆனால் சனிக்கிழமை மூவரும் பலகையோடு வந்து நின்றார்கள். அப்பாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படலை அழகாக இருந்தது. தானாக மூட ஸ்பிரிங் வேறு. கல்குடா நண்பர் கிணற்றடியிலிருந்து ஓடிவந்து குனிந்து தோளால் இடித்தார். அசையவில்லை.

“ஆனை வந்தாலும் உள்ள வராது” என்றார் கணவர்.

அப்போது மகன் உள்ளிருந்து தவழ்ந்து வந்து, தலையால் மெல்லத் தள்ளினான். படலை கிணற்றுப் பக்கமாகத் திறந்தது. அவன் வெளியே போனதும் பின்னால் தானாக மூடிக்கொண்டது. கல்குடா நண்பர்தான் பாய்ந்து தூக்கினார். வெளியிலிருந்து வருகிறவனுக்காக மூன்று ஆண்கள் அவ்வளவு கவனமாகக் கட்டியிருந்தார்கள். மறிக்க வேண்டியவன் உள்ளேதான் இருக்கிறான் என்பதை நானும் சொல்ல மறந்தேனோ என்று ஒரு கணம் யோசித்தேன். இல்லை, சொல்லியிருந்தேன்.

கணவர் முகம் வெளுத்துக் குந்தினார். பிணைச்சல்களைக் கழற்றி, உள்பக்கம் திறக்கும்படி மாற்றினார். மகனுக்கு எட்டாதபடி வெளிப்பக்கம் கொண்டியும் போட்டார்.

பிறகு மூவருக்கும் வெளியே வளவுக்குள் ரொட்டியும் சம்பலும் கொடுத்துவிட்டு உள்ளே வந்து, மேலால் கைவிட்டுக் கொண்டியைப் போட்டேன். மகன் தள்ளிப் பார்த்தான். திறக்கவில்லை. ஊரே கேட்கக் கத்தினான்.

சத்தம் கேட்டதும் மூவரும் ஒன்றாக எழுந்து, வாயில் ரொட்டியோடு குசினியை நோக்கி வந்தார்கள். கொண்டியை மறந்து ஆளுக்கொரு கையால் தள்ளினார்கள்.

படலை தாங்கியது.